ஏழாவது பாட்டு

மாப்ளே,

நலம்தானே? மகள் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது, குடும்பத்தோடு வருகிறோம். முழங்கால் வலியைத் தவிர என்னிடம் புதுச் செய்தி எதுவும் இல்லை. போன வாரம் வெள்ளையடிக்க வேண்டும் என்று பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது, திறந்தால் உள்ளே நம்ம கேசட்! அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1987இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் கொடுத்துவிட்டு மூன்று நாள் நடையாய் நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அறுபது நிமிஷ கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது. பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிஷம் என்று வைத்தால் ஆறுதான் பிடிக்கும் என்று கடைக்காரர் தலையால் அடித்துக்கொண்டார். நாம் கேட்டால்தானே, ஏழு எழுதிக் கொடுத்தோம். ஏழாவது 'இளைய நிலா'. கித்தார் வந்தது, பாலு வந்தார், இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்தும் நுழையாமலும் இருக்கும்போதே 'டக்'கென்று பட்டன் மேலே எழும்பிவிட்டது. உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அந்த கேசட்டை எத்தனை நூறு தடவை ஓட்டியிருப்போம்! அதனால் எனக்கு அந்தப் பாட்டு அங்கேயேதான் முடியும். 2020 செப்டம்பர் 25, பாலு போன அன்று ராத்திரி போனில் அதை முழுசாகப் போட்டுக் கேட்டேன். 'டக்' வர வேண்டிய இடம் தாண்டியும் அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறார். அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவன் அங்கேதான் உடைந்தேன். வீட்டுக்காரி எழுந்து வந்து லைட்டைப் போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

அதே பக்கத்தில்தான் 'பூங்காற்று திரும்புமா'வும் இருக்கிறது. அதைக் கேட்டால் எனக்கு சிவாஜியும் தெரிய மாட்டார், ராதாவும் தெரிய மாட்டார். குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீ மலேசியா வாசுதேவன் மாதிரி கனத்துப் பாடியதும், ஜானகி பாட வேண்டிய இடம் வந்ததும் நம் ஆள் எவனும் வாயைத் திறக்காமல் இருக்க பின்சீட்டிலிருந்து ஒரு ஆச்சி சன்னமாக எடுத்துப் பாடியதும்தான் வரும். பஸ்ஸே கப்சிப். தென்காசியில் இறங்கிப் போகும்போது ஆச்சி நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா வேறு ரகம், அது உனக்கே தெரியும். இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றிய கை. எந்தப் பாட்டுக்கும் வரி தெரியாது, நடுவில் வரும் வயலின், புல்லாங்குழல் எல்லாம் மட்டும் அச்சு அசலாக வாயிலேயே வரும். காய் நறுக்கும்போது இப்போதும் அதுதான் ஓடுகிறது. என்ன பாட்டும்மா என்று கேட்டால் "யாருக்குடா தெரியும்" என்கிறாள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆறோடு நிறுத்தாமல் ஏழாவதை எழுதிக் கெடுத்தது நீதான் என்று இத்தனை வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் இல்லையா, உன் கல்யாணப் பந்தியில்கூட உன் மாமனாரிடம் சொன்னேன். கேசட் டப்பாவில் நாலாக மடித்து அந்த லிஸ்ட் இருக்கிறது. ஆறு பாட்டு உன் குண்டு குண்டு எழுத்தில், நீல மையில். ஏழாவது மட்டும் கீழே இடுக்கிச் செருகி, சாய்ந்த எழுத்தில், பச்சை மையில். அப்பாவின் பச்சைப் பேனாவை யார் எடுத்துக்கொண்டு அலைந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்யாணத்துக்கு வரும்போது கேசட்டைக் கொண்டு வருகிறேன். பிளேயர் உன் பொறுப்பு. என்னுடையதில் பெல்ட் அறுந்துவிட்டது. மாமனாரிடம் மட்டும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே, நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
பச்சை மைக்காரன்