தரைத்தள வீடுகளின் குளியலறைக் கதவுகளை மழைக்கு முன் மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தரைத்தளக் குடியிருப்போர்,
கொருக்குப்பேட்டை, சென்னை-21.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: குளியலறைக் கதவையும் நிலையையும் (கதவைத் தாங்கும் மரச்சட்டம்) மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். போன ஐப்பசி மழையில் என் மாமியார் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார், கதவுதான் வரவில்லை. ஈரத்தில் ஊதி நிலையோடு கவ்விக்கொண்டது. உள்பக்கம் திறக்கும் கதவு, கீலும் உள்ளேதான். வெளியிலிருந்து கழற்ற வழியில்லை. தோளால் முட்டலாம் என்றால் பின்னால் அவர் நிற்கிறார். கடைசியில் அவரை மூலையில் ஒதுங்கச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டுத் தம்பி கதவின் அடிப்பக்கத்தை உதைத்தார். அழுகிப் பஞ்சாக இருந்ததால் இரண்டே உதையில் பெயர்ந்தது. அந்த அழுகல் எங்களுக்கு உதவிய ஒரே நாள் அதுதான்.

இதைச் சொல்ல உங்கள் அலுவலகத்துக்குப் போனபோது, "உள்கதவெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு" என்று பதில் கிடைத்தது. சரி, சின்ன வேலைகளை நாங்களே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கீல் ஸ்க்ரூ ஆடினால் ஓட்டையில் தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, காய்ந்ததும் முடுக்குகிறோம். கதவு தொங்கித் தாழ்ப்பாள் ஓட்டையில் சேராவிட்டால், முதலில் மேல்கீலை இறுக்கிப் பார்க்கிறோம். அதற்கும் சரிவராவிட்டால் ஓட்டையை அரத்தால் கொஞ்சம் கீழே இழுத்துவிடுகிறோம். கிறீச்சென்ற சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய். ஊதிய கதவை மழையிலேயே இழைத்தால் சித்திரையில் விரல் நுழையும் சந்து விழும் என்பதால் வெயில் வரும்வரை பொறுத்துத்தான் இழைக்கிறோம்.

எங்கள் கைக்கு மீறியது நிலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் நிலைக்கால்கள் ஊறின. அப்புறம் கரையானும் வந்தது. இப்போது அடியில் ஒரு சாண் உயரத்துக்கு விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. அந்த மரத்தில் எந்த ஸ்க்ரூ நிற்கும்? நிலையைப் பெயர்க்கச் சுவரை உடைக்க வேண்டும். அனுமதியில்லாமல் சுவரில் கைவைக்கக் கூடாது என்பதும் உங்கள் விதிதான்.

ஆகவே, தரைத்தள வீடுகளில் குளியலறைக் கதவையும் நிலையையும் பிவிசியில் மாற்றித் தர வேண்டும். கீல் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். இரும்புக் கீல் இந்தக் கடல்காற்றுக்குத் தாங்குவதில்லை. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினால் முதியவர்கள் உள்ளே விழுந்தாலும் தூக்கிவிடலாம். கரையான் மருந்து அடித்த பிறகே புதிய நிலை வைக்க வேண்டும்.

மற்ற அறைகளுக்கு மரக்கதவே போதும். ஆனால் மாட்டுவதற்கு முன் அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று ஒப்பந்தக்காரர் விட்டுவிடுகிறார். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிந்தால் நல்லது. முழுவதும் இயலாவிட்டால், முதியவர்கள் இருக்கும் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பார்வையிட வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் எல்லா வீட்டையும் திறந்து வைத்திருப்போம். காலை பதினொரு மணிக்கு மேல் வந்தால் வசதி. அதற்கு முன் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு தெருவில் நிற்போம்.

இப்படிக்கு,
தரைத்தளக் குடியிருப்போர் சார்பாக