இரண்டாவது புற்றையும் தேடு

ரங்கூன்

அன்பு மகளுக்கு,

உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் ஒருசேரப் புற்று கண்ட பெரியவர் ஒருவர் உன் வார்டில் சேர்ந்திருப்பதாக நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது.

இரண்டும் தனித்தனிப் புற்றா, ஒன்றிலிருந்து மற்றொன்று பரவியதா என்பதை பயாப்சி அறிக்கையைக் கொண்டு முதலில் உறுதி செய்யுங்கள். வாரன், கேட்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் 1932இல் வகுத்த அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் சிகிச்சையே திசைமாறிப் போகும்.

உணவுக்குழாயை எடுத்த இடத்தில் இரைப்பையைத்தானே குழாய்போல் தைத்து மேலே இழுத்து இணைக்கிறோம். அந்த இரைப்பையிலேயே புற்று இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் இங்கே உண்மையான சிக்கல். அது சவ்வோடு நிற்கும் ஆரம்பப் புற்றாக இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே உரித்தெடுத்து இரைப்பையைக் காப்பாற்றலாம். ஆழமாகப் போயிருந்தால் பெருங்குடலில் ஒரு பகுதியை இரத்த ஓட்டம் கெடாமல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்பதால், பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அவ்வளவு பெரிய ஆபரேஷனை அவருடைய உடம்பு தாங்காதென்றால், உணவுக்குழாய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்து, வெட்டுவதை இரைப்பையோடு நிறுத்திக்கொள்வதையும் யோசியுங்கள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். வெற்றிலையும் புகையிலையும் வாயை விட்டு இறங்காத நம்மவர் ஒருவருக்கு, இரைப்பைப் புற்று என்று இரைப்பை முழுவதையும் எடுத்தேன். சில மாதங்களில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தால் உணவுக்குழாயிலும் புற்று. இரைப்பையைப் பார்க்கும் அவசரத்தில், ஸ்கோப் போன வழியை நான் சரியாகப் பார்க்கவில்லை. மேலே இழுத்து வைக்க இரைப்பையும் இல்லாமல், அவர் மனைவியின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன்.

அதன்பிறகு, வெற்றிலை, புகையிலை, சாராயப் பழக்கமுள்ள ஒருவருக்குக்கூட லுகால் அயோடின் என்ற சாயத்தை உணவுக்குழாயில் தெளிக்காமல் நான் ஸ்கோப்பை வெளியே எடுத்ததில்லை. நல்ல சவ்வெல்லாம் கரும்பழுப்பாக மாற, கெட்ட இடம் மட்டும் வெளிறி, ஓரம் வெட்டினாற்போல் தனித்துத் தெரியும். நீயே ஒருமுறை உன் கண்ணால் பார்.

அந்தப் பெரியவரின் வாயையும் தொண்டையையும் நாளையே டார்ச் அடித்துப் பார்த்துவிடு, ஏனெனில் வெற்றிலைச் சாறு போகும் வழி அங்கேதான் தொடங்குகிறது. சாப்பிட முடியவில்லை என்று யாராவது இரைப்பையில் குழாய் போடப் போனால் தடுத்து, சிறுகுடலில் போடச் சொல். அந்த இரைப்பை அவருக்கு இன்னும் தேவைப்படலாம்.

அன்புடன்,
அப்பா