வியன்னாவில் ஒன்பது மணி நேரம்

அன்புள்ள தோழிக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். முழங்கால் வலியால் பேருந்துப் படி ஏற முடியாமல் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டதாகச் சென்ற கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்த மறுவாரமே, மகள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், விமானம் மாறுவதற்காக வியன்னாவில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான பழைய ஷெங்கன் விசா இன்னும் செல்லுபடியாக இருந்ததால் வெளியே கிளம்பிவிட்டேன். அன்று முழுக்க உன் நினைவுதான்.

விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது. கூடுதல் கட்டணம் வாங்கும் விரைவு ரயில் ஒன்று உண்டு. நான் உள்ளூர் மக்கள் போகும் எஸ்7 ரயிலில் ஏறினேன். அரை மணிக்குள் நகர மையத்திலுள்ள வீன் மிட்டே நிலையம் வந்துவிட்டது. விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் அதற்குத் தனிச் சீட்டு. நகருக்குள் ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே இருபத்துநான்கு மணி நேரச் சீட்டு.

சுரங்க ரயிலுக்குள் நுழையும்போது என்னைத் தடுக்க எதுவுமே இல்லாதது கண்டு திகைத்து நின்றேன். கதவும் இல்லை, சுழலும் கம்பியும் இல்லை. சுவரோரம் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதன் வாயில் சீட்டை நுழைத்தால் ‘டக்’ என்ற ஒலியுடன் தேதியும் நேரமும் பதிகின்றன, அவ்வளவுதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் எப்போதாவது வருவார்களாம். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் நூறு யூரோவுக்கு மேல் அபராதம். ஒரு காலத்தில் அவர்கள் அணிந்த கறுப்புத் தொப்பியை வைத்து ‘ஷ்வார்ட்ஸ்காப்ளர்’ என்று ஊரார் இட்ட பெயர், தொப்பி போன பிறகும் நிலைத்துவிட்டது. மற்ற நாள்களில் பயணியின் சொல்லை நம்பித்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 2012இல் ஆண்டுச் சீட்டின் விலையை 449 யூரோவிலிருந்து 365ஆக, அதாவது நாளுக்கு ஒரு யூரோவாகக் குறைத்ததும் இந்த ஊர்தான். சில ஆண்டுகளில் அந்தச் சீட்டு வைத்திருப்போர் எண்ணிக்கை ஊரிலுள்ள கார்களின் எண்ணிக்கையையே தாண்டிவிட்டது.

யு4 என்ற சுரங்க ரயிலில் இரண்டு நிறுத்தங்கள் கடந்து கார்ல்ஸ்ப்ளாட்ஸில் இறங்கினேன். அந்தப் பாதை, கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர் 1890களில் வடிவமைத்த பழைய நகர ரயிலின் பாதை. அங்கே அவர் கட்டிய இரண்டு சிறு மண்டபங்கள் எதிரெதிரே நிற்கின்றன. பச்சை இரும்புச் சட்டம், வெண்பளிங்குப் பலகை, பொன்னிறச் சூரியகாந்திப் பூக்கள். சுரங்க ரயிலுக்காக அவற்றை இடிக்க இருந்தபோது மக்கள் எதிர்த்ததால், பகுதி பகுதியாகக் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டியிருக்கிறார்கள்.

உனக்காகவே பார்த்தது டிராம்தான். பழைய நகரைச் சுற்றி ஓடும் ரிங் சாலையில் ‘டி’ டிராமுக்குக் காத்திருந்தேன். எண்பதைத் தொடும் ஒரு பாட்டி, சக்கரம் வைத்த காய்கறிப் பையோடு என் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டி வந்து கதவு திறந்ததும், வீட்டு வாசற்படி தாண்டுவதுபோல் காலை எடுத்து உள்ளே வைத்தார். பையும் பின்னாலேயே உருண்டு ஏறியது. யாரும் கைகொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வகை வண்டியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் உயரம்தான். வழக்கமான வண்டிகளில் இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் அச்சு குறுக்கே ஓடுவதால் தளத்தை உயர்த்தியே ஆக வேண்டும். இதில் அந்த அச்சே இல்லை. பெட்டிகள் இணையும் இடத்தில் சக்கரங்களைத் தனித்தனியாகப் பொருத்தி, மோட்டாரையும் அங்கேயே செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். ஒரு முதியவளின் முழங்காலுக்காக ஒரு பொறியாளர் சக்கரத்தையே புதிதாகச் சிந்தித்திருக்கிறார் என்று எண்ணியபோது எனக்குக் கண் கலங்கியது. வலி உன் காலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீ வீட்டோடு முடங்கியதற்குக் காரணம் அந்தப் படியின் உயரம், உன் வயதல்ல.

நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பியோர்ஸ நிறுத்தத்தில் 71ஆம் எண் டிராமுக்கு மாறினேன். அது மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வண்டி. ஒருவர் இறந்தால் ‘71இல் ஏறிவிட்டார்’ என்பது அவ்வூர்ப் பேச்சு. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் பிணங்களையே டிராமில் ஏற்றிச் சென்றிருக்கிறார்கள். இரண்டாம் வாயிலில் இறங்கி, இசைமேதைகள் பேத்தோவனும் ஷூபர்ட்டும் அருகருகே துயிலும் இடத்தில் சிறிது நேரம் நின்றேன். தோட்டத்தை நடந்தே கடந்தால் மறுபுறம் எஸ்7 நிலையம். அங்கிருந்து நேரே விமான நிலையம்.

நேரம் பதிந்த அந்தச் சீட்டை இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. அடுத்த மாதம் நான் வந்ததும் ஒரு வாடகை வண்டி பிடித்து இருவரும் சந்தைக்குப் போவோம்.

என்றும் அன்புடன்,
உன் தோழி