காளானைக் கேஸ் தொட்டிக்குள் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

மிஞ்சிய சாப்பாட்டிலிருந்து பூஞ்சையின் உதவியால் எரிவாயுவும் உரமும் எடுப்பது பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அதைப் படித்த எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் பூஞ்சை வாங்கி, கழிவைப் புளிக்கவிட்டு அடுப்புக்குக் கேஸ் எடுக்கும் தொட்டியில் போட்டால் கேஸ் கூடுமா என்று கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். கேஸ் கூடுதலாக வராது. சிப்பிக்காளான், டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகள் எல்லாம் காற்று இருந்தால்தான் பிழைக்கும், மூடிய தொட்டிக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. அடுப்பில் எரியும் மீத்தேன் வாயுவை உண்டாக்குவது காற்றே ஆகாத வேறு நுண்ணுயிர்கள். காற்றில்லாமல் வாழும் பூஞ்சையும் உண்டுதான், மாட்டு வயிற்றில் வைக்கோல் நாரை உடைப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது, அது பூஞ்சைதான் என்று தெரிந்ததே 1975 வாக்கில். அதை நாம் கடையில் பாக்கெட்டாக வாங்க முடியாது.

சோறு, சாம்பார், மீன் கழிவுக்குப் பூஞ்சை எதற்கு, அதெல்லாம் தானாகவே சீக்கிரம் கரைந்துவிடும். அங்கே தொல்லை வேறு. ஓணத்துக்கு மறுநாள் பக்கத்து வீட்டில் மிஞ்சிய சோறு, பாயசம் எல்லாவற்றையும் மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டார்கள், உள்ளே புளித்துப்போய் வாயு வருகிறது, அதில் மீத்தேன் குறைந்துபோனதால் அடுப்பு மட்டும் பற்றவில்லை. தீனியை நிறுத்திச் சாணிக் கரைசல் ஊற்றிய பிறகுதான் சரியாயிற்று.

பூஞ்சையின் பலம் நாரில் இருக்கிறது. நாகர்கோவில் வடசேரி சந்தைக் குப்பையைப் பாருங்கள், வாழைக்குலைத் தண்டு, இலை, சக்கை (பலா) மடல் என்று பாதி நார்தான், அதிலுள்ள லிக்னின் என்ற கடினமான பொருளைத் தொட்டி உயிர்களால் லேசில் உடைக்க முடியாது, சிப்பிக்காளானால் முடியும். நறுக்கி நனைத்துக் காளான் வித்து தூவிக் கொஞ்ச நாள் வைத்துத் தொட்டிக்கு அனுப்பலாம். ஆனால் நாள் கூடினால் கேஸாக வேண்டிய சத்தைக் காளானே தின்றுவிடும். அதனால் என் கணக்கில் காளானுக்குச் சரியான இடம் உரக்குழி.

ஈத்தாமொழிப் பக்கம் தும்பு ஆலைகளில் தென்னைநார்க் கழிவு மலைபோல் கிடக்கிறது. 1 டன்னுக்கு 1.5 கிலோ சிப்பிக்காளான் வித்து, 5 கிலோ யூரியா, இதை அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் உரமாகிவிடும், 112 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) என்றிருந்தது 24-க்கு 1 என்று இறங்கும். இது பழைய முறைதான். கேஸ் தொட்டியிலிருந்து வெளியேறும் கரைசலில் தழைச்சத்து இருக்கிறது, அதை இந்தக் குவியலில் ஊற்றினால் யூரியா செலவு குறையும், கரைசலை எங்கே கொட்டுவது என்ற தலைவலியும் தீரும்.

கேஸ் கலனுக்கும் நாம் எங்கும் போக வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் சமையலறைக் கழிவுக்கென்றே ‘சக்தி சுரபி’ என்ற கேஸ் கலனை எப்போதோ உருவாக்கிவிட்டது. நாகர்கோவில் குப்பையை வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் குவிக்காமல், சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு கலனும் அதை ஒட்டி ஒரு நார்க்கழிவுக் குவியலும் போட்டுப் பார்க்கலாமே. தினமும் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை அங்கேயே முடிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்தாயிற்று, கல்யாண மண்டபங்களில் அதை யார் கேட்கிறார்கள்? வாழை இலைக்குப் பதில் பிளாஸ்டிக் பூசிய காகித இலையை விரிக்கிறார்கள், வாழை இதற்கு மேல் விளைய வேண்டுமா என்ன நம் ஊரில். அந்த இலை கலந்து வந்தால் தொட்டியும் வீண், குவியலும் வீண். அடுத்த முறை இந்த மண்டபங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
ஈத்தாமொழி