வாள்வீச்சைப் பற்றி எழுதிய பிள்ளைக்காக ஒரு திறந்த மடல்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அந்த வகுப்புகளைத் தாங்கி நிற்கும் கோயில் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். ஆயாவிடம் (என் பாட்டியிடம்) பேசக் கற்றேன், உங்களைப் போன்றவர்களிடம் எழுதக் கற்றேன். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அக்கா மகனுக்கு 11 வயது. 'எனக்குப் பிடித்தது' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். அவன் 14 வரி எழுதினான். 'சாமுராய் ஷோடவுன்' வீடியோ கேமில் வரும் ஹவோமாரு என்ற வாள்வீரனின் கொகெட்சுசான் வீச்சைப் பற்றி. தாள் திரும்பி வந்தபோது குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, அடியில் "இது கட்டுரைப் பொருள் அல்ல". பிழை எதுவும் திருத்தப்படவில்லை. இனிமேல் வகுப்புக்கு வர மாட்டேன் என்கிறான்.

அந்த வீச்சு என்னவென்று உங்களுக்குச் சொன்னால் அவன் ஏன் அதை எழுதினான் என்பது விளங்கும். எஸ்.என்.கே. நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஆட்டம் அது. நான் அதை முதலில் பார்த்தது எங்கள் தெருமுனை டீரூமில், அதாவது மூலைக்கடையில். ரொட்டியும் பாலும் வாங்க அம்மா கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, அங்கே காசு போட்டு ஆடும் கேம் பெட்டியின் முன்னால் வரிசையில் நிற்போம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு பொத்தான்கள். முதல் இரண்டும் வாளுக்கு, மற்ற இரண்டும் உதைக்கு. சிவப்பையும் மஞ்சளையும் ஒருசேர அழுத்தினால் பெருவெட்டு.

ஜப்பானின் புகழ்பெற்ற வாள்வீரர் மியமோட்டோ முசாஷியை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டவன் ஹவோமாரு. கலைந்த தலை, பக்கத்தில் மதுக்குடுவை. அவன் வாளின் பெயர் ஃபுகுடொகு, அதாவது பேத்தை மீனின் நஞ்சு. எதிரி நம் தலைக்கு மேல் பாய்ந்து வரும்போது ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளி, கீழே இறக்கி, இரண்டுக்கும் நடுவிலுள்ள மூலைக்குக் கொண்டுவந்து வெட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். ஹவோமாரு காலடியிலிருந்து வாளை மேலே இழுத்துக்கொண்டே எழும்புவான். வாள் போன வழியில் வெள்ளையாக ஒரு பிறை நிற்கும். பாய்ந்து வந்தவன் அந்தப் பிறையில் விழுவான்.

இந்த ஆட்டத்தில் சண்டை நீளாது. மற்ற ஆட்டங்களில் இருபது அடி அடித்து முடிப்பதை இங்கே நாலைந்து பெருவெட்டு முடித்துவிடும். ஆகவே கைவேகத்தைவிடக் காத்திருக்கத் தெரிய வேண்டும். கொகெட்சுசான் குறி தப்பினால் வீரன் அந்தரத்தில் வெறுமனே தொங்குவான், தரைக்கு வரும்வரை தடுக்க முடியாது. எதிரி நிதானமாகக் காத்திருந்து வெட்டுவான். என் அக்கா மகன் 6ஆம் வரியில் எழுதியிருப்பது இதைத்தான்: "அவசரப்பட்டு வீசினால் நான் மேலே போவேன், அவன் கீழே நிற்பான்." 11 வயதுப் பிள்ளை தமிழில் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதைப் படித்து நான் கொஞ்ச நேரம் தாளைக் கீழே வைக்கவில்லை.

அந்த 14 வரிக்கு அவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் என்னிடம் சொல் கேட்பான். கொகெட்சுசான் என்றால் என்ன மாமா என்றான். கொ என்றால் வில்லின் வளைவு, கெட்சு என்றால் நிலா, சான் என்றால் வெட்டு என்றேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "பிறைவெட்டு" என்றான். போன தைப்பூசத்தில் கோயில் கோபுரத்துக்கு மேலே பிறை தெரிகிறதா என்று தேடி, அன்று முழு நிலா என்று ஆயா சொல்லித் திருத்தியதிலிருந்து அந்தச் சொல் அவனிடம் இருந்திருக்கிறது.

பிறகு வினைச்சொல்லில் நின்றுவிட்டான். வெட்டினான் என்று எழுதலாமா என்றான். ஆயா அடுக்களையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அவளைக் கேள் என்றேன். கீரையை அரியலாம், வெங்காயத்தை நறுக்கலாம், விறகைப் பிளக்கலாம், இளநீரைச் சீவலாம், கரும்பை வெட்டலாம் என்றாள் அவள். ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டிக் காட்டினாள். கரும்புக்குக் குனிந்து அடித்தண்டில் வெட்டிக் காட்டியபோது அவள் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். 1860இலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த சனத்தில் ஒருவர் அவர். அந்தக் கதையை நான் அதுவரை கேட்டதில்லை. பையன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கீழிருந்து மேலே போகிற கத்திக்குச் 'சீவினான்' தான் சரி என்று முடிவுசெய்தான். பாடப்புத்தகத்தில் இத்தனை வினைகளையும் ஒரே நாளில் அவனுக்கு நாம் தந்திருக்க முடியுமா?

ரத்தம் தெறிக்கும் ஆட்டம் பிள்ளைக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவன் ஆடுகிறான். ஆனால் வாள் வந்ததாலேயே அது தமிழுக்குப் புறம்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போர்க்களத்தின் ஒவ்வொரு செயலுக்கும் துறை வகுத்துப் பெயர் வைத்தவர்கள் நாம். நேருக்கு நேர் நடக்கும் போரைப் பாடும் தும்பைத் திணையில் நூழிலாட்டு என்று ஒரு துறை உண்டு. தன் மார்பைக் கிழித்த வேலையே பிடுங்கி, எதிரிப் படை சிதறும்படி எறிவது. இதை அவனுக்குச் சொன்னேன். "அதுக்கு எந்தப் பொத்தான் மாமா?" என்றான், கண்கள் விரிய. நூழிலாட்டு என்ற சொல்லை அவன் இனி மறக்க மாட்டான்.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை, தனக்கு உயிரான ஒன்றைத் தமிழில் சொல்ல ஒரு வாரம் மெனக்கெட்டால் அங்கேதான் அந்த மொழி வளர்கிறது. மயிலைப் பற்றியும் மாம்பழத்தைப் பற்றியும் அவன் எழுதுவான், எழுதட்டும். இதையும் எழுத விடுங்கள். 2019இல் வந்த புதிய ஆட்டத்திலும் ஹவோமாரு இதே பிறையை வரைகிறான். உங்கள் வகுப்பிலேயே அதை ஆடுகிற பிள்ளைகள் வேறு யாரும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். கோடு போட்ட தாளை அவன் மறுபடி படியெடுத்திருக்கிறான், வருகிற சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். அதை மற்ற கட்டுரைகளைப் போலவே வாங்கித் திருத்திக் கொடுங்கள். 'வாள்' என்று வர வேண்டிய மூன்று இடங்களில் 'வால்' என்று எழுதியிருக்கிறான். வேண்டுமென்றேதான் நான் அதை அவனிடம் சொல்லாமல் விட்டேன். அதை நீங்கள் சிவப்பு மையில் வட்டமிட்டு, ளகரத்தை அவன் கையைப் பிடித்து எழுதிக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்,
சாட்ஸ்வொர்த்