டேபை நான்கு ஸ்பேஸாக்கி என் கோப்புகளைக் கெடுத்த உங்கள் கருவி குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு

பொருள்: டேப்-ஸ்பேஸ் மாற்றும் கருவியால் தரவுக் கோப்புகள் பாழானதும், அதற்கு உங்கள் உதவிக்குழு தந்த பதிலும்

ஐயா,

வணக்கம். உரைக் கோப்புகளில் டேபை ஸ்பேஸாகவும் ஸ்பேஸை டேபாகவும் மாற்றும் உங்கள் கட்டளை வரிக் கருவிக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். போன திங்கட்கிழமை என் புராஜெக்ட் ஃபோல்டரில் அதை ஓட்டினேன். '312 கோப்புகள் சுத்தம் செய்யப்பட்டன' என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. அந்த வாரம் முழுவதும் அந்தச் சுத்தத்தைச் சரிசெய்வதிலேயே போனது.

லினக்ஸில் டேபை ஸ்பேஸாக்க எக்ஸ்பாண்ட், ஸ்பேஸை டேபாக்க அன்எக்ஸ்பாண்ட் என்று இரண்டு கட்டளைகள் இலவசமாகவே கிடைக்கும்போது உங்களிடம் ஏன் வந்தேன் என்று கேட்கலாம். எக்ஸ்பாண்ட் ஒரு கோப்பை அதே இடத்தில் மாற்றித் தராது, விடையைத் திரையில் கொட்டும், அவ்வளவுதான். ஒரு முறை அரைத்தூக்கத்தில், விடையையும் அதே கோப்புக்கே திருப்பிவிட்டேன். எக்ஸ்பாண்ட் ஒரு வரியைப் படிப்பதற்கு முன்பே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைத் துடைத்துக் காலி செய்துவிட்டது. பூஜ்ஜியம் பைட். சூடு கண்ட பூனை நான். 'கோப்பின் வகை அறிந்து, அதே இடத்தில், பாதுகாப்பாக' என்ற உங்கள் விளம்பரத்தை நம்பி வந்தேன்.

முதலில் மேக்ஃபைல் கண்ணில் பட்டது; நிரலைக் கட்டியெழுப்பும் 'மேக்' என்ற கருவிக்கான கட்டளைகள் இருக்கும் கோப்பு அது. பில்ட் ஓட்டினால் 14-ஆம் வரியில் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிட்டது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் செல்லாது. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதியபோது வைத்த விதி இது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களே, அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் அதை மாற்றாமல் விட்டுவிட்டார். நல்ல விதியா என்பது வேறு விஷயம். கோப்பின் வகை அறியும் கருவிக்கு, 'மேக்ஃபைல்' என்று பெயரே வைத்திருக்கும் கோப்பு தெரியாமல் போனது எப்படி?

அப்புறம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். அதில் ஹியர்-டாக்கின், அதாவது ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைக்கும் உரைத் துண்டின், முடிவுச் சொல் டேப் போட்டு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தது. அந்த வகை ஹியர்-டாக் வரியின் முன்னாலிருக்கும் டேபை மட்டும்தான் தள்ளுபடி செய்யும். ஸ்பேஸ் ஆனதும் ஷெல்லுக்கு முடிவுச் சொல் தெரியவில்லை, கோப்பின் கடைசி வரைக்கும் விழுங்கிவிட்டது. சரி, இவையெல்லாம் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டில் (git) இருந்ததால் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மீட்க முடியாதவை டிஎஸ்வி கோப்புகள். அவை கிட்டில் இல்லை. அவற்றில் டேப் என்பது அலங்காரம் இல்லை, ஒரு புலத்தையும் அடுத்த புலத்தையும் பிரிக்கும் வேலியே அதுதான். ஒவ்வொரு வேலியையும் பிடுங்கி நான்கு ஸ்பேஸ் நட்டிருக்கிறது உங்கள் கருவி. என் தரவில் குறிப்புப் புலத்துக்கு உள்ளேயே நான்கைந்து ஸ்பேஸ் வரும் வரிகள் ஏராளம். இப்போது எது வேலி, எது பயிர் என்று யாரால் சொல்ல முடியும்? மூலத் தரவிலிருந்து எல்லாக் கோப்புகளையும் திரும்ப உருவாக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

உங்கள் உதவிக்குழுவுக்கு எழுதினேன். 'டேபும் நான்கு ஸ்பேஸும் ஒன்றுதான், தோற்றம் மட்டுமே மாறும். வேண்டுமானால் தலைகீழ் மாற்றத்தை ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது இந்தப் பதில்தான்.

டேப் என்பது இத்தனை ஸ்பேஸ் என்ற எண் அல்ல. 'அடுத்த நிறுத்தத்துக்குப் போ' என்ற சொல். நிறுத்தங்கள் 8 இடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்பாண்ட் எடுத்துக்கொள்ளும் இயல்பான கணக்கும் அதுதான். நான்கு எழுத்துச் சொல்லுக்குப் பின் வரும் டேப் 4 ஸ்பேஸ் ஆகும், ஏழு எழுத்துச் சொல்லுக்குப் பின் ஒரே ஒரு ஸ்பேஸ் ஆகும். இரண்டுக்கும் அடுத்த நெடுவரிசை ஒரே இடத்தில் தொடங்கும். உங்கள் கருவி இரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு நான்கு போடுகிறது. அதனால் என் செட்டிங்ஸ் கோப்பில் நேராக நின்ற நெடுவரிசைகள் பல்வரிசை போல முன்னும் பின்னுமாக நிற்கின்றன. இந்த வேலையை, உரையைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையில் ஒற்றை வரியில் நானே செய்து கெடுத்திருப்பேன், சந்தா எதற்கு?

நீங்கள் சொன்ன தலைகீழ் மாற்றத்தையும் ஒரு நகலில் ஓட்டிப் பார்த்தேன். மேற்கோள் குறிக்குள் இருந்த ஸ்பேஸ்களும் டேப் ஆயின. அன்எக்ஸ்பாண்ட் இந்த இடத்தில் நிதானமானது, சும்மா ஓட்டினால் வரியின் தொடக்கத்தில் உள்ளதை மட்டும் தொடும். நிறுத்த அளவைக் கொடுத்தால் அதுவும் வரி முழுக்கக் கை வைக்கும், 'ஃபர்ஸ்ட்-ஒன்லி' என்று தனியாகச் சொல்லித்தான் தடுக்க வேண்டும். நானே ஒரு முறை இதில் வழுக்கியிருக்கிறேன். ஆனால் அது அவர்களின் கையேட்டில் எழுதியிருக்கிறது. உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான். டேப் நிறுத்தக் கணக்கைச் சரிசெய்யுங்கள். மேக்ஃபைலையும் டிஎஸ்வியையும் நாங்கள் கேட்காமல் தொடாதீர்கள். மாற்றுவதற்கு முன் எந்தெந்தக் கோப்பு என்று பட்டியல் காட்டி ஒப்புதல் கேளுங்கள். சந்தாவில் மீதமுள்ள மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். பதில் எழுதுபவர், தயவுசெய்து, டேபும் நான்கு ஸ்பேஸும் ஒன்று என்று நினைக்காதவராக இருக்கட்டும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான மூன்று மாதிரிக் கோப்புகளை இணைத்திருக்கிறேன். கோப்பைத் திரையில் காட்டும் கேட் (cat) கட்டளையில் பெரிய ஏ போட்டுப் பார்த்தால், டேப் இருந்த இடம் தொப்பிக் குறியும் ஐ எழுத்துமாகத் தெரியும். இரண்டாவது தொகுப்பில் அப்படி ஒன்றுகூடத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்