குளுவாங் அக்கா

அன்புள்ள தம்பிக்கு,

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். முட்டி கொஞ்சம் வலிக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்று தோன்றியது, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னோடு அறையில் தங்கிய குளுவாங் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவருடைய தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். 1943இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இப்போதைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு ஆள் எடுத்தபோது, மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லி லாரியில் ஏற்றினார்களாம். அக்காவின் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. தாத்தா திரும்பி வரவேயில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லாததால் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எந்தத் திதியில் கும்பிடுவது என்று தெரியாமல், பாட்டி போன பிறகு ஆடி அமாவாசையில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் படைக்கிறார்கள்.

முதலில் பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அந்தப் பாதையில் வேலை செய்து செத்த கிட்டத்தட்ட 7,000 போர்க் கைதிகள் அங்கே இருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். வெட்டிவிட்ட புல், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி, கல்லின் மேல் பெயரும் வயதும். எல்லாம் உன்னைவிடச் சின்ன வயது. அம்மா அப்பா எழுதிய ஒரு வரி சில கற்களில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன். வாசல் மண்டபத்தில் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர் இருந்தது. அக்கா அந்தப் பட்டியலை இரண்டு தடவை படித்தார். அதில் தாத்தா இருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும், தம்பி. இருந்தும் படித்தார்.

415 கிலோமீட்டர் பாதை அது. கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலாயா, பர்மா, ஜாவா என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்த ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதி வந்தால் ஒரு முகாமே காலியாகிவிடும். அவர்களுக்குப் பதிவேடும் இல்லை, புதைத்த இடத்தில் அடையாளமும் இல்லை.

மறுநாள் ஹெல்ஃபயர் பாஸ். படி இறங்கி, ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய பள்ளத்துக்குள் நடக்க வேண்டும். சுத்தியலும் உளியும் வைத்து, ராத்திரியில் மூங்கிலைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வெட்டினார்கள். உடைந்த உளி ஒன்று இன்னும் பாறைக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. மெல்பர்னில் பூங்காவில் ஒரு டாக்டரின் சிலை இருக்கிறது, வியரி டன்லப் என்று நீ சொல்வாயே, அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கைதியாக இருந்தபோது தன் ஆட்களைக் காப்பாற்றப் போராடிய மனிதர். அவருக்காகவும் கும்பிட்டேன். அக்கா பாறையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை.

அன்று மத்தியானம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த மோர் மிளகாயை எடுத்து வைத்து, கொஞ்சமாவது சாப்பிடுங்கள் அக்கா என்று கெஞ்சினேன். சாயங்காலம் தாவோன் விகாரைக்குப் போனோம். இறந்துபோன நம் ஆட்களுக்காக அங்கே ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தைப் பார்த்ததும்தான் அக்கா வாய்விட்டு அழுதார். தோட்டத்து மண்ணை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார், அதை அங்கே தூவினார். நாங்கள் இரண்டு பேரும் கற்பூரம் ஏற்றினோம்.

சிங்கப்பூருக்குத் திரும்பி சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கியதும் மற்றவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இப்படி ஓர் இடத்துக்குப் போய்விட்டு அப்படிப் பிரிவது சரியில்லை என்பது என் எண்ணம். அக்காவை விடாமல் நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உன் அறையில்தான் படுத்தார். ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை. அவருடைய பேத்தி கல்யாணம், என் தேக்கா மார்க்கெட் கதை, உன் சின்ன வயது என்று எதையெதையோ பேசினோம், சயாமை மட்டும் பேசவில்லை.

காலையில் டாக்சியில் பீச் ரோடு வழியாகப் போகச் சொன்னேன். ஜப்பான்காரன் காலத்தில் செத்த பொதுமக்களுக்காக 1967இல் எழுப்பிய நான்கு தூண்களைக் காட்டினேன். நான்கில் ஒன்று இந்தியர்களுக்கு என்றேன். “இங்கயாவது நமக்குன்னு ஒண்ணு இருக்கே” என்றார். அப்புறம் குவீன் ஸ்திரீட்டில் 170 பஸ். ஜொகூர் போய் அங்கிருந்து குளுவாங்குக்கு வேறு பஸ். “நீ கூட வந்ததாலதான் எனக்குச் சோறு எறங்குச்சு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பதில் வரவில்லை. பஸ் போன பிறகு ஒரு காப்பிகூடக் குடிக்கத் தோன்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பாறையை நான் எப்படிப் பார்த்தேன் என்று விளக்கத் தேவையில்லாத ஒரே ஆள் அவர்தான், தம்பி. அவர் போன பிறகுதான் அந்த இடம் முழுப்பாரமாக என்மேல் இறங்கியது. நான் ஏன் தினமும் போன் பண்ணுகிறேன் என்று கேட்காதே, இன்னும் கொஞ்ச நாளைக்குப் பண்ணுவேன்.

உன்னிடம் ஒரு உதவி வேண்டும். 1943இல் சாங்கி முகாமிலிருந்து கைதிகளாக இருந்த மருத்துவ ஆட்களை, கே, எல் என்று இரண்டு குழுக்களாக அனுப்பியிருக்கிறார்கள். நம் தொழிலாளர்களின் முகாம்களில் வைத்தியம் பார்க்கத்தான் அந்தக் குழுக்கள். அவற்றில் ஆஸ்திரேலியர்களும் இருந்தார்கள். கான்பராவில் இருக்கும் போர் நினைவகத்தில் கைதிகளின் நாட்குறிப்புகளை வைத்திருக்கிறார்கள் இல்லையா? லீவு கிடைக்கும்போது ஒரு நடை போய், இந்த இரண்டு குழுக்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார். தாத்தாவின் பெயர் கிடைக்கும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. ஜொகூர் ஆட்கள் எந்த முகாமில் இருந்தார்கள் என்று தெரிந்தால் போதும், அடுத்த முறை அந்த ஊருக்கே நேராகப் போய்விடலாம் என்கிறார். நானும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தாத்தாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா